மழைக்குக் கட்டடம், வெயிலுக்கு மலை: ஜார்ஜியாவில் சோவியத் காலக் கட்டடங்களையும் காகசஸ் மலைகளையும் குழுவாகப் பார்த்துவர ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலோ துபாயிலோ விற்கப்படும் ஜார்ஜியா பேக்கேஜ்கள் பெரும்பாலும் நான்கு இரவுகள்தான். திபிலீசி பழைய நகரம், குதவுரி பனி, கஸ்பெகி கோயில், கடைசி நாள் ஷாப்பிங். குதவுரி தாண்டியதும் வேன் ஒரு வட்டமான கான்கிரீட் மேடையருகே இருபது நிமிடம் நிற்கும். எல்லோரும் இறங்கி செல்ஃபி எடுப்பார்கள், ஏறிவிடுவார்கள். அது யார் கட்டியது, அந்த மலைமுகட்டில் எதற்காக நிற்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அந்த மேடையையும் அதைப் போன்ற பிறவற்றையும் நிதானமாகப் பார்க்க விரும்புகிறவர்களுக்காக இது எழுதப்பட்டிருக்கிறது.

தொடங்கும் முன் ஒரு விதி. கான்கிரீட்டுக்கு மழையும் மேகமும் ஒரு குறையே இல்லை. வெயில் இல்லாத நாளில் நிழல் விழாததால் அதன் உருவம் இன்னும் தெளிவாகத் தெரியும். மலை அப்படியல்ல. மேகம் மூடினால் 5,000 மீட்டர் சிகரம்கூட இருந்த இடம் தெரியாது. எனவே மலைக்கு நாள் ஒதுக்கும்போது தாராளமாக ஒதுக்குங்கள், கட்டடங்களில் சிலவற்றைக் கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் திட்டம் முழுக்க இந்தக் கணக்கில்தான் போடப்பட்டிருக்கிறது.

எத்தனை நாள், எந்த மாதம்

குறைந்தது 7 நாள் வேண்டும். ஸ்வனேதி மலைப்பகுதியையும் சேர்த்தால் 10 நாள்.

முதல் இரண்டு நாள் திபிலீசி. 3, 4 கஸ்பெகி. 5ஆம் நாள் மலையிறங்கி கோரியில் தங்கல். 6ஆம் நாள் கோரி, சுரங்க ஊரான சியாத்துரா வழியாகக் குத்தைசி. 7ஆம் நாள் சோவியத் கால வெந்நீர் ஊற்று ஊரான த்ஸ்கால்டுபோ. ஒரு வாரம் மட்டும் இருப்பவர்கள் இங்கே முடித்துக்கொண்டு குத்தைசி விமான நிலையத்திலிருந்தோ, சுமார் 230 கிலோமீட்டர் திரும்பி திபிலீசியிலிருந்தோ ஊர் திரும்பலாம். மற்றவர்களுக்கு 8ஆம் நாள் எங்குரி அணையும் ஸ்வனேதியின் மெஸ்டியாவும், 9ஆம் நாள் உஷ்குலி, 10ஆம் நாள் இறக்கம்.

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய எல்லாச் சாலைகளும் பொதுவாகத் திறந்திருக்கும். எங்கள் தேர்வு செப்டம்பர்: பகலில் வெக்கை இருக்காது, மலையில் மேகமும் குறைவு. மே மாதம் சமவெளி பச்சையாக அழகாக இருக்கும், ஆனால் பிற்பகல் மழை அதிகம். டிசம்பர் முதல் மார்ச் வரை பனிச்சரிவு அபாயத்தால் கஸ்பெகி போகும் வழியிலுள்ள ஜ்வாரி கணவாய் எந்நேரமும் மூடப்படலாம். பனி பார்க்கவே போகிறவர்களுக்கு அது பொருட்டல்ல. கட்டடம் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாட்களில் திட்டம் போட வேண்டாம்.

குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

விலையைக் கேட்பதற்கு முன் வண்டியைக் கேளுங்கள். 16 முதல் 18 பேர் அமரும் ஸ்ப்ரின்டர் வகை வேன் இந்தப் பாதைக்குப் பொருத்தம். 40 பேர் பேருந்து என்றால் கஸ்பெகியின் கெர்கெத்தி கோயில் சாலையில் ஏறாது, சியாத்துராவின் குறுகிய தெருக்களில் திரும்பாது, த்ஸ்கால்டுபோவின் பாழடைந்த விடுதிகளுக்குள் நாற்பது பேரை ஒரே நேரத்தில் விடுவதும் ஆபத்து.

அடுத்து, ஓட்டுநரும் கைடும் தனித்தனி ஆளா என்று கேளுங்கள். மலைப்பாதையில் ஒருவரே ஓட்டிக்கொண்டு மைக்கில் கதையும் சொன்னால், இரண்டில் ஒன்று கெடும். எது கெட்டால் நமக்கு நட்டம் அதிகம் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவதாக, கைடுக்குக் கட்டடங்கள் தெரியுமா? தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி போதும்: "பழைய நெடுஞ்சாலை அமைச்சகக் கட்டடத்துக்குக் கூட்டிப் போவீர்களா?" தெரிந்தவர் உடனே பதில் சொல்வார். "பாங்க் ஆஃப் ஜார்ஜியா தலைமையகம்தானே" என்று திருப்பிக் கேட்டால் சரியான ஆள். "அமைதிப் பாலம் இருக்கிறதே" என்று பேச்சை மாற்றினால் வேறு ஆளைப் பாருங்கள்.

நான்காவது, கஸ்பெகியில் ஒரு இரவா, இரண்டா? எழுத்தில் வாங்குங்கள். "கஸ்பெகி பகல் பயணம்" என்று இருந்தால் வேண்டாம். போக வர 300 கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை. போய்ச் சேரும்போது சிகரத்தை மேகம் மூடியிருக்கும்.

கணவாய் மூடினால் நாட்களை இடம் மாற்றித் தருவார்களா, அதற்கான விடுதிச் செலவு யாருடையது, தனி அறை கேட்டால் எவ்வளவு கூடும், மதிய உணவு தொகையில் அடங்குமா என்பவற்றையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

காகிதமும் பணமும்

இந்தியக் கடவுச்சீட்டுக்கு மின்விசா வேண்டும். வளைகுடா நாடுகளின் செல்லுபடியாகும் வதிவிட அனுமதி, அமெரிக்க விசா, ஷெங்கன் விசா போன்றவை வைத்திருப்பவர்கள் விசா இல்லாமலே நுழையலாம். பட்டியல் மாறக்கூடியது என்பதால் டிக்கெட் போடும் முன் ஜார்ஜிய வெளியுறவு அமைச்சகத்தின் இணையதளத்தைப் பாருங்கள், ஏஜென்டின் வாய்வார்த்தை போதாது. 2026 ஜனவரி முதல் வருகையாளருக்கு மருத்துவ, விபத்துக் காப்பீடு கட்டாயம். குறைந்தபட்சத் தொகை 30,000 லாரி.

இந்தியர்கள் குடிவரவு மேசையில் கேள்வி கேட்கப்படுவதும் சில நேரம் திருப்பி அனுப்பப்படுவதும் நடக்கிறது. திரும்பும் டிக்கெட், எல்லா இரவுக்கும் விடுதிப் பதிவு, காப்பீடு, டூர் கம்பெனியின் கடிதம், வங்கிக் கணக்கு அறிக்கை ஆகியவற்றை அச்சிட்டு ஒரே கோப்பில் கையில் வைத்திருங்கள். போனில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தால் வரிசையும் பொறுக்காது, அதிகாரியும் பொறுக்கமாட்டார். குழுவாகப் போனாலும் ஆளுக்கொரு கோப்பு அவசியம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகத்தான் கேட்பார்கள்.

ஜார்ஜியப் பணத்தின் பெயர் லாரி, அதன் நூறில் ஒரு பங்கு டெட்ரி. (கஸ்பெகிக்குப் போகும் ராணுவ நெடுஞ்சாலையில் நம்மூர் லாரிகளும் வரிசையாக வரும் என்பதால், குழப்பம் வேண்டாமென்று இந்தக் கட்டுரையில் அவற்றைச் சரக்கு வண்டி என்றே சொல்கிறோம்.) நகரங்களில் அட்டை செல்லும். சியாத்துரா, உஷ்குலி, கெர்கெத்திக்கு ஏறும் உள்ளூர் வேன், பாழடைந்த விடுதிக் காவலாளி ஆகியோருக்கு ரொக்கம் வேண்டும். 20 லாரித் தாள்களும் கை நிறையச் சில்லறையும் வைத்துக்கொள்ளுங்கள். சில்லறை எதற்கு என்பது திபிலீசியின் நுட்சுபிட்ஸே குடியிருப்பு லிஃப்டில் தெரியும்.

மின்சாரம் 220 வோல்ட். நம்மூர் போன் சார்ஜரின் மெல்லிய இரட்டை ஊசி பெரும்பாலும் பொருந்தும். மூன்று ஊசி பிளக் பொருந்தாது, அடாப்டர் வேண்டும்.

கட்டடத்தைப் பார்த்ததும் காலத்தைக் கண்டுபிடிக்க

ஜார்ஜியா 1921 முதல் 1991 வரை சோவியத் ஆட்சியில் இருந்தது. அந்த எழுபது ஆண்டுக் கட்டடங்களை மூன்று அடுக்காகப் பிரித்துக்கொண்டால் கைடு சொல்வதெல்லாம் எளிதில் பிடிபடும்.

முதல் அடுக்கு ஸ்டாலின் காலம். தூண்கள், வளைவுகள், சிற்பப் பட்டைகள், அரண்மனை மாதிரி வாசல். தொழிலாளிக்கு அரண்மனை கட்டித் தந்தோம் என்று காட்டுவதற்கான கட்டடங்கள். இரண்டாவது அடுக்கு 1955 நவம்பரில் தொடங்குகிறது. கட்டடங்களில் தேவையற்ற ஆடம்பரத்தை ஒழிக்கச் சொல்லும் ஆணை, ஸ்டாலினுக்குப் பின் வந்த குருஷேவ் காலத்தில் வந்தது. அதன் பிறகு அலங்காரம் போய், தொழிற்சாலையில் வார்த்த பலகைகளை அடுக்கிய ஐந்து மாடி வீடுகள் வந்தன, லிஃப்ட் கிடையாது. மூன்றாவது அடுக்கு 1970களும் 80களும். மாஸ்கோவின் பிடி சற்றுத் தளர, ஓரக் குடியரசுகளின் கட்டடக்கலைஞர்கள் துணிந்து விளையாடிய காலம் அது. நாம் தேடிப் போகும் விசித்திரங்கள் அநேகமாக இந்த அடுக்கில்தான் இருக்கின்றன.

நான்காவதாக ஒன்றையும் கவனியுங்கள், அதற்குக் கட்டடக்கலைஞர் யாரும் இல்லை. 1990களில் அரசு சரிந்தபோது, குடியிருப்பவர்களே தகரத்தாலும் செங்கலாலும் பால்கனியை வெளியே இழுத்து அறையாக்கிக்கொண்டார்கள். ஒரே அச்சில் வார்த்த வீட்டுத்தொகுதியில் ஒவ்வொரு மாடிக்கும் ஒவ்வொரு முகம். சென்னைக்காரர்களுக்கு வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் நினைவுக்கு வரலாம்.

திபிலீசி: இரண்டு நாள்

முதல் நாள் நடை. ருஸ்தவேலி சாலையில் நாடாளுமன்றத்திலிருந்து தொடங்குங்கள். 1938இல் தொடங்கி 1953இல் முடிந்த கட்டடம். போர்க் கைதிகளாகப் பிடிபட்ட ஜெர்மானியர்களும் இதில் வேலை செய்தார்கள். 1989 ஏப்ரல் 9 அன்று இதன் எதிரே நடந்த சுதந்திரப் போராட்டத்தைச் சோவியத் படை கலைத்தபோது 21 பேர் இறந்தார்கள், அதன் நினைவுச்சின்னம் முன்புறத்தில் இருக்கிறது. அண்மை ஆண்டுகளிலும் இங்கே மாலை நேரங்களில் போராட்டங்கள் நடப்பதால் காலையிலேயே பார்த்துவிடுங்கள். கூட்டம் கூடியிருந்தால் படம் எடுக்கக்கூட நிற்காதீர்கள், வெளிநாட்டவருக்கு அது சிக்கல்.

அதே சாலையில் பில்ட்மோர் விடுதியின் முன்பகுதியைப் பாருங்கள். கண்ணாடிக் கோபுரத்தை விடுங்கள், அதன் காலடியில் கருத்த தூண்களோடு நிற்கும் பழைய கட்டடம்தான் முக்கியம். மார்க்ஸ், எங்கெல்ஸ், லெனின் ஆய்வுக் கழகத்துக்காக 1938இல் எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர் அலெக்சி ஷுசேவ். மாஸ்கோவில் லெனின் உடல் வைக்கப்பட்டிருக்கும் கல்லறையும் அவர் கைவேலைதான். இன்று அது ஐந்து நட்சத்திர விடுதி. மாஸ்கோவிலிருந்து கப்பலில் வந்த தமிழ்ப் புத்தகங்களை மலிவு விலையில் வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் இங்கே இரண்டு நிமிடம் கூடுதலாக நிற்பார்கள்.

சாலை முடிவில் ராடிசன் விடுதி. 1967இல் இவேரியா விடுதியாகக் கட்டப்பட்டது. ஜார்ஜியாவிலிருந்து பிரிய முயன்ற அப்காசியாவில் 1992இல் போர் மூண்டபோது அகதிகள் இதில் குடியேற்றப்பட்டு 2004 வரை வாழ்ந்தார்கள். பால்கனிகளெல்லாம் பலகையாலும் பிளாஸ்டிக்காலும் அடைக்கப்பட்டு, நகர மையத்தில் ஒரு செங்குத்துச் சேரியாக நின்றது. இதே கதையின் பெரிய பதிப்பை ஏழாம் நாள் த்ஸ்கால்டுபோவில் பார்க்கப் போகிறீர்கள்.

பிறகு மெட்ரோவில் இறங்குங்கள். 1966 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. ருஸ்தவேலி நிலையம் சுமார் 60 மீட்டர் ஆழம். நகரும் படிக்கட்டு வேகமாக ஓடும், கால் வைக்கும்போது தயங்காதீர்கள், வலது ஓரம் நில்லுங்கள்.

இரண்டாம் நாளுக்கு வேன் வேண்டும், இடங்கள் சிதறிக் கிடக்கின்றன. முதலில் நெடுஞ்சாலை அமைச்சகம், 1975. மத்க்வாரி ஆற்றின் சரிவில் ஐந்து நீண்ட பெட்டிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்தது போல இருக்கும். காடு எப்படி வேரை மட்டும் மண்ணில் ஊன்றி மேலே பரவுகிறதோ, அப்படி நிலத்தைக் குறைவாகத் தொட்டு, மரங்களும் காற்றும் அடியில் புகுந்து போகும்படி கட்டுவதுதான் யோசனை. வடிவமைத்த இருவரில் ஒருவரான கியோர்கி சகாவா அப்போது அதே துறையின் துணை அமைச்சர். கட்டச் சொன்னவரும் அவர், கட்டியவரும் அவர். இத்தகைய துணிச்சல் எப்படி அனுமதி பெற்றது என்ற கேள்விக்குப் பாதி பதில் அதுதான். இன்று பாங்க் ஆஃப் ஜார்ஜியாவின் தலைமையகம், உள்ளே போக முடியாது. கட்டடம் மேல்சாலைக்கும் கீழ்ச்சாலைக்கும் நடுவே நிற்பதால் இரண்டு பக்கமிருந்தும் பாருங்கள். கீழ்ச்சாலையில் வாகனங்கள் சீறும். நடுவில் ஓடிக் கடக்காமல் வேனை அந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள்.

அடுத்தது திருமண மாளிகை, 1984, விக்டர் ஜோர்பெனாட்ஸே வடிவமைத்தது. மதத்தை ஒதுக்கிய அரசு கல்யாணத்துக்கும் ஒரு சடங்கு தர வேண்டியிருந்தது. தர முயன்றபோது கட்டடம் கோயிலைப் போலவே வந்து நின்றது. உள்ளே நிகழ்ச்சி நடந்தால் வெளியிலிருந்துதான் பார்வை.

நுட்சுபிட்ஸே மேட்டில் 1970களில் கட்டிய மூன்று அடுக்குமாடித் தொகுதிகள், மலைச்சரிவில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக நிற்கின்றன; அவற்றை வானத்தில் பாலங்கள் இணைக்கின்றன. லிஃப்டில் காசு போட்டால்தான் ஏறும், அதற்குத்தான் சில்லறை. பாலம் பொதுவழி, ஆனால் கதவுகளுக்குப் பின்னால் குடும்பங்கள் இருக்கின்றன. நான்கு நான்கு பேராக ஏறுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், துணி காயும் பால்கனிகளைப் படம் எடுக்காதீர்கள். பதினாறு பேரும் ஒரே லிஃப்டில் ஏற முயன்றால் அது நின்றுவிடும். வேலை முடிந்து காய்கறிப் பையோடு வந்த பாட்டி படியில் ஏறவேண்டி வரும்.

மாலை நான்கு மணிக்கு மேல் ஜார்ஜிய வரலாற்றுச் சின்னம். திபிலீசிக் கடல் என்று அழைக்கப்படும் நீர்த்தேக்கத்தின் மேலே, 30 மீட்டருக்கும் உயரமான 16 தூண்கள். சிற்பி சூரப் ட்ஸெரெத்தேலி 1985இல் தொடங்கினார், இன்றுவரை முழுமையாக முடியவில்லை. மேல்பாதியில் அரசர்களும் வீரர்களும், கீழ்ப்பாதியில் கிறிஸ்துவின் வாழ்க்கை. நிழல் கிடையாது, காற்று பலமாக வீசும், தொப்பி பறக்கும். சாய்ந்த வெயிலில் புடைப்புச் சிற்பங்களின் ஆழம் தெரியும். நண்பகலில் போனால் எல்லாம் தட்டையாகத் தெரியும்.

கையிருப்புப் பட்டியலில் வைக்க வேண்டியவை: தேசிய அருங்காட்சியகத்தின் சோவியத் ஆக்கிரமிப்புக் கூடம் (திங்கள் விடுமுறை), ஜார்ஜியத் தாய் சிலை. 1958இல் வைக்கப்பட்ட இந்த 20 மீட்டர் உருவத்தின் இடக்கையில் நண்பனுக்கு ஒயின் கிண்ணம், வலக்கையில் பகைவனுக்கு வாள். கணவாய் மூடிய நாளில் இவை கைகொடுக்கும்.

ராணுவ நெடுஞ்சாலை

காலை எட்டு மணிக்குப் புறப்படுங்கள். திபிலீசியிலிருந்து ஸ்டெபான்ட்ஸ்மிண்டா வரை சுமார் 155 கிலோமீட்டர். நிறுத்தங்களோடு ஐந்து மணி நேரம் ஆகும். (ஊரின் சோவியத் காலப் பெயர் கஸ்பெகி, மக்கள் இன்னும் அப்படியே சொல்கிறார்கள்.) ரஷ்ய எல்லைக்குப் போகும் ஒரே பெரிய சாலை என்பதால் சரக்கு வண்டிகள் கிலோமீட்டர் கணக்கில் வரிசை கட்டி நிற்கும். தாமதத்துக்குக் காரணம் அநேகமாக அதுதான். குகைவழிகளுக்குள் புகை அடைத்திருக்கும், சன்னலை மூடிக்கொள்ளுங்கள். வளைவுகளில் குமட்டல் வருகிறவர்கள் அனானுரிக் கோட்டை நிறுத்தத்திலேயே மாத்திரை போட்டுக்கொண்டு முன் இருக்கையைக் கேட்டு வாங்குங்கள். இந்த உயரத்தில் மூச்சுத் திணறலைவிட வாந்திதான் தொல்லை.

குதவுரிக்கு மேலே அந்த வட்ட மேடை. ரஷ்ய ஜார்ஜிய நட்புச் சின்னம், 1983. கிழக்கு ஜார்ஜியா ரஷ்யாவின் பாதுகாப்பை ஏற்ற 1783 கியோர்கியெவ்ஸ்க் உடன்படிக்கையின் இருநூறாவது ஆண்டுக்காக எழுப்பப்பட்டது. வடிவமைத்தவர் திபிலீசியில் நெடுஞ்சாலை அமைச்சகம் கட்டிய அதே சகாவா. அரைவட்டச் சுவரின் உட்புறம் முழுதும் ஓட்டுச் சித்திரம், இரு நாட்டு வரலாற்றுக் காட்சிகள். நடுவில் நின்று இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே வாருங்கள்; வளைவுகளின் இடைவெளியில் ஓவியம் முறிந்து, பள்ளத்தாக்கு தெரியும். உடன்படிக்கைக்குப் பதினெட்டே ஆண்டில் ரஷ்யா அந்த அரசையே தன்னோடு இணைத்துக்கொண்டது, 2008இல் போரும் நடந்தது. நட்பு என்ற பெயரைக் கேட்டு உள்ளூர் கைடுகள் ஏன் உதட்டைச் சுழிக்கிறார்கள் என்பது இப்போது புரியும். நாற்பது நிமிடம் ஒதுக்கச் சொல்லுங்கள். கூட்டம் பதினொன்று முதல் மூன்று வரை. பத்து மணிக்குள் வர முடியாவிட்டால் 5ஆம் நாள் இறங்கும்போது அதிகாலையில் பார்ப்பது உத்தமம். ஓடுகள் பெயர்ந்து வருவதால் சுவரில் சாய வேண்டாம்.

ஜ்வாரி கணவாய் சுமார் 2,390 மீட்டர் உயரம். செப்டம்பரிலும் காற்று குளிரும். ஸ்வெட்டரைப் பெட்டியில் பூட்டி வேனின் அடியில் போட்டுவிட்டு நடுங்குவது குழுப் பயணங்களில் வழக்கமான காட்சி.

ஸ்டெபான்ட்ஸ்மிண்டா 1,740 மீட்டர். எதிரே 2,170 மீட்டரில் கெர்கெத்தி திரித்துவக் கோயில், அதன் பின்னே 5,000 மீட்டரைத் தாண்டும் கஸ்பெக் சிகரம். சிகரம் தெளிவாகத் தெரிவது பெரும்பாலும் விடியலிலிருந்து ஒன்பது மணி வரை. இரண்டு இரவு தங்கினால் இரண்டு விடியல் கிடைக்கும், அதற்குத்தான் அவ்வளவு வற்புறுத்தினோம். கோயிலுக்கு நடந்தால் ஒன்றரை முதல் இரண்டு மணி நேர ஏற்றம். இல்லையேல் ஊர்ச் சதுக்கத்தில் நிற்கும் டெலிகா வேன்கள். கட்டணத்தைப் போக வரப் பேசி, மேலே எவ்வளவு நேரம் காத்திருப்பார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். பெண்கள் தலையை மூட வேண்டும், துப்பட்டா போதும். ஆண்கள் அரைக்கால் சட்டையில் போக முடியாது.

4ஆம் நாள் முழுவதும் ஜூத்தா பள்ளத்தாக்குக்கோ த்ரூசோவுக்கோ நடை போகலாம். கைடு இல்லாமல் எல்லைப் பக்கம் போக வேண்டாம். த்ரூசோவின் மேற்கோடியை ஒட்டி, ஜார்ஜியாவிலிருந்து பிரிந்து நிற்கும் தெற்கு ஒசேத்தியாவின் எல்லைக்கோடு வருகிறது. எல்லைக் காவலர்கள் நிறுத்துமிடத்தோடு திரும்பிவிட வேண்டும், ட்ரோன் பறக்க விடவே கூடாது.

கோரியும் சியாத்துராவும்

கோரி ஸ்டாலின் பிறந்த ஊர். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1957இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மாஸ்கோவில் ஸ்டாலினை விமர்சித்துக் குருஷேவ் பேசிய மறு ஆண்டு அது என்பதைக் கவனியுங்கள். பிறந்த சிறு வீட்டின் மேல் கிரேக்கக் கோயில் போன்ற மண்டபம் கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் 83 டன் எடையுள்ள கவச ரயில்பெட்டி. இரண்டாம் உலகப் போரின் இறுதியில் நேச நாட்டுத் தலைவர்கள் கூடிய யால்டா மாநாட்டுக்கு அவர் போனது இதில்தான். உள்ளே பரிசுப் பொருட்களும் படங்களும் நிறைய, சிறை முகாம்களைப் பற்றிய செய்தி மிகக் குறைவு. அதனால் திபிலீசியின் ஆக்கிரமிப்புக் கூடத்தை முன்பே பார்த்துவிட்டு வருவது நல்லது. ஒன்றரை மணி நேரம் போதும்.

சியாத்துராவுக்கு இரண்டு மணி நேரப் பயணம். க்விரிலா ஆற்றின் குடைந்த பள்ளத்தாக்கில், மாங்கனீசுக்காகவே உண்டான ஊர். சுரங்கம் மேலே, வீடுகள் கீழே. தொழிலாளி மலையேறி இறங்குவதில் நேரம் வீணாவதால், 1954 முதல் ஊர் முழுக்கக் கம்பிவட வண்டிகள் விடப்பட்டன. பயணிகள் இரும்புச் சவப்பெட்டி என்று பெயர் வைத்த அந்தப் பழைய பெட்டிகள் 2021இல் நின்றுவிட்டன. அதே ஆண்டு புதியவை ஓடத் தொடங்கின. இன்றும் பழைய பெட்டியில் ஏற்றுவோம் என்று ஒரு கம்பெனி விளம்பரம் செய்தால், அது பழைய விளம்பரம். புதியதில் மேலேறி ஊரின் அமைப்பைப் பாருங்கள், பிறகு கைவிடப்பட்ட நிலையங்களின் தூண்களையும் சிற்பங்களையும் வெளியிலிருந்து பாருங்கள். பூட்டிய சுரங்கக் கட்டடங்களுக்குள் நுழைவது வேண்டாத வேலை. கழிவறை வசதி குறைவு என்பதால் கோரியிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். குத்தைசி போகும் வழியில் கத்ஸ்கித் தூண்: 40 மீட்டர் உயரச் சுண்ணாம்புப் பாறை, உச்சியில் சின்னஞ்சிறு கோயில். துறவிகள் தவிர யாரும் ஏற முடியாது.

த்ஸ்கால்டுபோ

குத்தைசியிலிருந்து பத்து கிலோமீட்டரில் இருக்கும் இந்த ஊரின் வெந்நீர் ஊற்று 33 முதல் 35 டிகிரி, சூடுபடுத்தாமலே குளிக்கலாம். சோவியத் அரசு இருபதுக்கு மேற்பட்ட விடுதிகளும் ஒன்பது குளியல் இல்லங்களும் கட்டியது. மாஸ்கோவிலிருந்து நேரடி ரயிலே இருந்தது. தொழிலாளர்கள் மருத்துவச் சீட்டோடு வந்து வாரக்கணக்கில் தங்குவார்கள். 1991இல் சோவியத் நாடு போனதும் சீட்டும் போயிற்று. பிறகு அப்காசியாவிலிருந்து துரத்தப்பட்ட ஆயிரக்கணக்கானோர் இந்த விடுதிகளில் குடியேறினார்கள், அவர்களில் பலர் அங்கேயே முப்பது ஆண்டு கழித்தார்கள்.

முதலில் 6ஆம் எண் குளியல் இல்லம். ஸ்டாலினுக்காகக் கட்டியது, வாசல் மேல் அவர் உருவம் பொறித்த சிற்பப்பட்டை இன்றும் உண்டு, குளிக்கவும் செய்யலாம். அடுத்து மெடேயா விடுதியின் தூண் வரிசை. மற்றவற்றில் எது திறந்திருக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும், ஒவ்வொன்றாக விற்கப்பட்டு வேலியிடப்படுகின்றன. காவலாளி சில லாரிகள் கேட்டால் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள், மறுத்தால் திரும்பி வாருங்கள்.

உள்ளே ஆபத்து நிஜமானது. கைப்பிடிக் கம்பிகளைப் பழைய இரும்புக்குக் கழற்றிப் போய்விட்டார்கள். லிஃப்ட் குழிகள் கதவில்லாமல் திறந்து கிடக்கின்றன. மரத்தளம் போட்ட கூடங்களில் ஈரம் இறங்கித் தரை உளுத்திருக்கிறது. சுவரோரமாக, முன்னால் போனவர் கால் வைத்த இடத்தில் வையுங்கள். தடித்த அடிப்பாகம் உள்ள ஷூ, கைவிளக்கு, நீள் கால்சட்டை வேண்டும். தரைத்தளத்துக்கும் முதல் மாடிக்கும் மேல் குழுவை ஏற்றாத கைடே நல்ல கைடு. மழை பெய்த மறுநாள் உள்ளே போகாமல் முன்புறத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மழைக்குக் கட்டடம் என்ற நம் விதிக்கு இது ஒன்றே விலக்கு. ஏதேனும் சன்னலில் திரை தொங்கினால் அங்கே இன்னும் ஆள் வாழ்கிறார்கள் என்று பொருள், கேமராவை இறக்குங்கள்.

சாப்பாடு

சைவர்களுக்கு ஜார்ஜியா சிரமமான நாடல்ல. லோபியோ என்ற பீன்ஸ் குழம்பு, சோள ரொட்டியான ம்சாதி, வால்நட் விழுது வைத்துச் சுருட்டிய கத்தரிக்காய், சீஸ் ரொட்டியான கச்சாபுரி எங்கும் கிடைக்கும். கிங்காலிக் கொழுக்கட்டையில் காளான், உருளைக்கிழங்கு வகைகளைக் கேட்டு வாங்குங்கள், சொல்லாவிட்டால் இறைச்சிதான் வரும். நினைவில் வைக்க வேண்டிய ஒரே சொல் "சமர்க்வோ". நோன்புச் சாப்பாடு என்று பொருள், இறைச்சியும் பாலும் முட்டையும் இருக்காது. சோறு தேடுகிறவர்களுக்குத் திபிலீசி மருத்துவப் பல்கலைக்கழகப் பக்கம் இந்திய உணவகங்கள் உண்டு, தமிழ் மாணவர்களும் அங்கே நிறையப் படிக்கிறார்கள். மலைக்கு ஏறும் முன் பருப்புப்பொடி பொட்டலம் ஒன்றைப் பையில் போட்டுக்கொள்வது குற்றமில்லை.

எங்குரியும் மெஸ்டியாவும்

குத்தைசியிலிருந்து சுக்டிடி வழியாக மெஸ்டியா சேர நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம். வழியில் எங்குரி அணை: 271.5 மீட்டர் உயர கான்கிரீட் வில், 1961இல் தொடங்கி 1987இல் முடிந்தது. இந்தப் பயணத்தின் மிகப் பெரிய சோவியத் கட்டுமானம் இதுதான், மலையும் கட்டடமும் ஒன்றாகிவிடும் ஒரே இடமும்கூட. அணை ஜார்ஜியாவின் பிடியில் இருக்கிறது, மின் நிலையமோ அப்காசியாவின் பக்கம். போரிட்ட இரு தரப்பும் ஒரே நீரின் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒருவர் இல்லாமல் மற்றவருக்கு விளக்கு எரியாது.

மெஸ்டியாவில் இடைக்காலக் கல் கோபுரங்களோடு மிகெயில் கெர்கியானியின் நினைவு இல்லத்தையும் பாருங்கள். பாறைப் புலி என்று பெயர் பெற்ற சோவியத் மலையேறி. 1969இல் இத்தாலிய மலையில் விழுந்து இறந்தவர். மறுநாள் உஷ்குலிக்கு 45 கிலோமீட்டர். குழு வேனில் போகாமல் உள்ளூர் நான்கு சக்கர இயக்க வண்டியில் போங்கள். மழைக்குப் பின் மண்சரிவால் சாலை அடைபடலாம். காலை ஏழுக்குக் கிளம்பினால் ஜார்ஜியாவின் உயர்ந்த சிகரமான ஷ்காரா மேகமின்றித் தெரியும் வாய்ப்பு அதிகம்.

இறக்கத்துக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். மெஸ்டியாவிலிருந்து சிறு விமானம் உண்டு, ஆனால் மேகம் வந்தால் ரத்தாகும். அதை நம்பி அன்று இரவே ஊருக்குத் திரும்பும் டிக்கெட் போடக்கூடாது. சாலைவழி திபிலீசிக்கு ஒன்பது மணி நேரம். கடைசி இரவைக் குத்தைசியில் வைத்து அங்கிருந்தே விமானம் பிடிப்பது எளிது. திபிலீசியிலிருந்துதான் டிக்கெட் என்றால், புறப்பாடு மறுநாள் மதியத்துக்குப் பிறகு இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.